ஆவுடைத்தாயின் ஜன்னல் ஓரம்

ஆலை மூடிப் பல வருஷம் ஆகி, சங்குச் சத்தத்துக்குக் கண் விழித்தவர்கள் எல்லாரும் வெயில் முகத்தில் அடித்த பிறகு எழுந்திருக்கப் பழகிவிட்ட காலத்தில், பங்குனி மாதத்து ஒரு காலையில், தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கடைசி வீட்டு ஜன்னல் ஓடத் தொடங்கியது. வீடு ஓடவில்லை, சுவர் ஓடவில்லை. வெளியே வந்து பார்த்தால் அதே தெரு, அதே குழாயடி, கொடியில் காயும் துணிகள், சுவரில் எப்போதும் போல ஒரு ஜன்னல். உள்ளே போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் மட்டும் பனைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன; பருத்திக் காடு வந்தது, ரயில்வே கேட் வந்தது, கேட்டில் காத்து நிற்கும் மாட்டுவண்டியும் மாட்டின் கொம்பில் பூசிய நீலமும் வந்து, போய், மறுபடி பனைகள் வந்தன.

வீட்டுக்காரர் கொண்டல்சாமி, ஆலைத் தொழிற்சங்கத்தின் தலைவராக இருந்தவர், அப்போது பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

“ஆவுடை, அந்த ஃபேனைக் குறை. ஒரு வரி படிக்க விடுதா பாரு.”

“கரண்டே இல்ல,” என்று அடுப்பங்கரையிலிருந்து அவர் மனைவி ஆவுடைத்தாய் சொன்னாள். “ஜன்னல்லா ஓடுது. காத்து அங்கன இருந்து வருது.”

கொண்டல்சாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஓடியது. கதவடைப்பைப் பார்த்தவர், தடியடியைப் பார்த்தவர், தோளோடு தோள் நின்று கோஷம் போட்டவன் மறுநாள் முதலாளியின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போனதையும் பார்த்தவர். தன்னை மலைக்க வைக்க இந்த உலகத்தில் இனி எதுவும் மிச்சமில்லை என்பது அவருடைய முடிவு. பத்திரிகையை நாலாக மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, “எந்த ஊர்ப் பக்கம் போகுதுன்னு பாரு,” என்றார்.

மத்தியானத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. காரணம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த ஜன்னல் சட்டம், பழைய பேருந்துகளை உடைத்து விற்கும் இடத்தில் கொண்டல்சாமி எப்போதோ மலிவாக வாங்கி வந்து பொருத்தியது, பழைய பழக்கம் விடவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சங்க ஆபீஸ் இருந்த காலத்து மரபெஞ்சைத் தூக்கி வந்து ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். பஞ்சு அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போன தாசையா எங்கிருந்தோ ஒரு விசில் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே கண்டக்டர் ஆனான். “உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத, எறங்குறவனுக்கு வழி விடு” என்று அவன் கத்த, இறங்குவதற்கு எந்த ஊரும் இல்லாத அந்த வீட்டில் சனம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டது. பெண்கள் வாழையிலையில் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்தார்கள். நாலு வீடு தள்ளி இருக்கிறவளுக்கும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு ஊர் கடந்ததும் வழிச்சோற்றுப் பசி வந்துவிடும். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவளும் வேர்க்கடலைக்காரனும் வாசலில் கடை போட்டார்கள். இரண்டு மூன்று நாளில், கடைசி வீட்டுக்குப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. “ஊருக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் சொன்னார்கள். போய்விட்டு வந்தவர்கள் காலைக் கழுவி, உடம்பெல்லாம் புழுதி என்று சலித்து, அலுப்புத் தீரத் தூங்கினார்கள்.

அது ஏதோ ஒரு பயணம் இல்லை, கொண்டல்சாமியும் ஆவுடைத்தாயும் போன பயணம் என்பது முதல் நாளே தெரிந்துபோனது. சுவர்களில் அந்தக் காலத்து வேட்பாளர்கள் கும்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது சிலை. டீக்கடைகளில் ரேடியோ கேட்டது. எதிரே வந்த பேருந்துகளுக்கு மூக்கு நீண்டிருந்தது. கல்யாணம் ஆன கையோடு தூத்துக்குடி மாநாட்டுக்குப் போன பாதை முதலில் வந்தது, அது முடிந்து மதுரைப் பாதை வந்தது, பிறகு தஞ்சாவூர். போன வரிசையிலேயே வந்தது. ஒருமுறை வந்த பாதை திரும்ப வரவில்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கொண்டல்சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கல்யாணம் ஆனா என்கூடத் தமிழ்நாடு பூரா சுற்றுப்பயணம் வரணும். சம்மதமா?” ஆவுடைத்தாய் முகம் சிவந்து தலையாட்டினாள். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அருவிப் படமும் ஒரு கலங்கரை விளக்கப் படமும் போட்டிருந்தார்கள். கொண்டல்சாமி படித்ததோ துண்டுப் பிரசுரங்கள். அவற்றில் சுற்றுப்பயணம் என்றால் தலைவர் ஊர் ஊராகப் போய் மேடை ஏறுவது, தொண்டன் ஊர் ஊராகப் போய்க் கீழே உட்காருவது. ஒரே சொல்லுக்கு இரண்டு பேரும் இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு மாலை மாற்றினார்கள். அதனால் ஆவுடைத்தாய் தூத்துக்குடிக்குப் போய்க் கடலைப் பார்க்கவில்லை, தஞ்சாவூருக்குப் போய்க் கோபுரத்தைப் பார்க்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மைதானம், ஒரு கீற்றுப் பந்தல், குழாய் ஒலிபெருக்கி, காகிதத்தில் சுருட்டிய தேங்காய் சாதம். ஆனாலும் அவள் அதையெல்லாம் ஆசையோடுதான் சொல்வாள். மதுரையில் மழை பெய்து பந்தல் சரிய, மாநாட்டுக் கொடித்துணியை இருவரும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றது. தஞ்சாவூரில் அவர் தன் பங்கு சாதத்தையும் இவள் பக்கம் தள்ளிவிட்டு, வயிறு சரியில்லை என்று பொய் சொன்னது.

தலைவர்கள் காரில் போனார்கள். காரில் போய் இறங்கிச் சமத்துவம் பேசினார்கள். அதைக் கேட்கப் போனவர்கள் பேருந்தில் போனார்கள். பேருந்து என்றால் சும்மா இல்லை. வண்டி வந்து நிற்கும் முன்பே சனம் கூடவே ஓடும். ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே போட்டு இடம் பிடிக்கும். துண்டு விழுந்த இடத்தில் இன்னொருவன் உட்கார மாட்டான் என்பதுதான், எந்தப் புத்தகத்திலும் எழுதாமலே இந்த நாட்டில் ஒழுங்காக நடக்கிற ஒரே சட்டம். கொண்டல்சாமியிடமும் துண்டு இருந்தது, நல்ல சிவப்புத் துண்டு. அவர் அதைப் போட மாட்டார். அவருடைய அப்பா பண்ணையார் தெருவுக்குள் நுழைகிறபோதெல்லாம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். ஒரே ஒரு தடவை மறந்ததற்கு அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகன், தன் தோளில் ஏறிய துண்டு எதற்காகவும் இறங்காது என்று அன்றைக்கே முடிவு செய்தார். “கண்டவன் குண்டி வைக்கிற இடத்துல போடுறதுக்கா இதை வாங்குனோம்?” என்பார். அவருடைய அப்பாவின் முதுகுக்கு அது நியாயமான பதில். ஆவுடைத்தாயின் கால்களுக்கு அது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ்நாடு முழுக்க அவள் நின்றுகொண்டே போனாள். அவள் பார்த்த தமிழ்நாடு அடுத்தவர் அக்குளும் பிடரியும் கண்டக்டரின் தோல்பையும்தான். ஊர்களை மூக்காலும் காதாலும் தெரிந்துவைத்திருந்தாள். கருவாடு வந்தால் இன்ன ஊர், செக்கு வாசனை வந்தால் இன்ன ஊர்.

நாகர்கோவில் மாநாட்டுக்குப் போனபோது மகள் விடுதலைச்செல்வி இடுப்பில் கைக்குழந்தை. ஒரு பெரிய ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகி நின்றது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலாக, “யம்மாடி, அங்க பாரு! அங்க பாரு!” என்று கூவினார்கள். கூவி, சிரித்து, சிரிப்பை அடக்க முடியாமல் முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். ஒரு தடித்த ஆளின் பின்கழுத்துத் தெரிந்தது. வண்டி கிளம்பிவிட்டது. “என்னக்கா அது?” என்று உட்கார்ந்திருந்தவளைக் கேட்டாள். “ஐயோ, அதைச் சொல்லி மாளாது தாயி” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறங்கிய பிறகு புருஷனைக் கேட்டாள். வண்டி பாலத்தில் நின்றபோது அவர் படிக்கட்டில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நெல் வியாபாரிக்கு உபரி மதிப்பை விளக்கிக்கொண்டிருந்தார். “சனம் எதைக் கண்டாலும் வாயைப் பொளக்கும்” என்று சொல்லி முடித்துவிட்டார்.

அவளுக்கு முடியவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது கேட்பாள். அவரை ஜாமீனில் எடுத்து நடத்திக் கூட்டி வரும்போது கேட்டாள். மகள் கல்யாணத்தன்று விடியற்காலையில் பூ தொடுத்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, அன்னைக்குப் பாலத்துல அவிய என்னத்தப் பாத்திருப்பாவ?”

தஞ்சாவூருக்கு அடுத்த பயணம் நாகர்கோவில் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஜன்னல் ஓடிய முதல் நாளே அவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று அறிவித்துவிட்டார்: “இது என் வீட்டுச் சுவத்துல இருக்கலாம். ஆனா ஓடுறது எல்லாருக்கும் பொதுவா ஓடுது. வரிசையில வாங்க, முறை வச்சு உக்காருங்க. துண்டு போடுறது, பை வைக்கிறது, ஆள் வருதுன்னு கையை நீட்டுறது, இதெல்லாம் இங்க நடக்காது.” அப்படியே நடந்தது. விசில் அடித்தால் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டும், அடுத்தவர் உட்கார வேண்டும். அதில் குறை சொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டுச் சேர்மக்கனி தன் முறையில் உட்கார்ந்திருந்தபோது, செத்துப்போன அவள் அம்மா தலையில் புல்லுக்கட்டோடு சாலை ஓரமாக நடந்து போனாள். “எம்மோ!” என்று கனி கத்தினாள். அம்மா வண்டிக்கு ஒதுங்கி, புழுதிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னால் போய்விட்டாள். அதற்குப் பிறகு கனி தினமும் வந்தாள். யாருக்குத்தான் சாலை ஓரத்தில் நடந்து போகிற ஒரு ஆள் இல்லை?

இத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும், டீ வேண்டும். ஆவுடைத்தாய் அடுப்பை விட்டு நகரவில்லை. அவள் முறை வரும்போது பால் பொங்கும். “மதினிக்கு என்ன, வீட்டுக்காரவ, எப்ப வேணும்னாலும் பாத்துக்கிடலாம்” என்று இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார்.

ஓசூரிலிருந்து விடுதலைச்செல்வி போன் பண்ணினாள். “அப்பா, அம்மா உக்காந்தாளா?”

“வரிசை வந்தா உக்காருவா.”

“வரிசைல அம்மா எங்க நிக்கா?”

“உள்ள டீ போடுதா.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சேர்மக்கனி சும்மா இருக்கவில்லை. “அண்ணாச்சி, எங்களுக்கெல்லாம் எட்டு மணி நேர வேலை வாங்கிக் குடுத்திய. மதினிக்கு எப்பம் வாங்கிக் குடுப்பிய?”

“கேட்டு வாங்கணும், கனி. கேக்காதவங்களுக்கு எவனும் தூக்கிக் குடுக்க மாட்டான்.”

“ஆமா, கேட்டா மட்டும் நீங்க எந்திரிச்சிருவிய!” என்றாள் அவள். வரிசை சிரித்தது. கொண்டல்சாமியும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

மறுநாள் காலையில் ஜன்னல் தெற்கே திரும்பியது. பனை குறைந்து வயல் வந்தது. வயலின் நடுவே கொக்குகள் வந்தன, ஈரக்காற்று வந்தது. வீட்டுக்குள் எள் விழ இடமில்லை. கொண்டல்சாமி வாசற்கதவை ஒட்டி நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். செங்கல் சூளையின் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோது அடுப்பங்கரையில் தம்ளர் சத்தம் நின்றது. பிறகு சக்கரத்தின் சத்தம் மாறத் தொடங்கியது. மண்ணின் மேல் போகிற சத்தம் மெல்ல மெல்லப் பாலத்தை நெருங்குகிற சத்தமாக ஆகியது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் போகிறவர்களுக்குத் தெரியாது. ஆவுடைத்தாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டத்தின் பின்னால் வந்து நின்றாள். யாரையும் தொடவில்லை, யாரிடமும் நகரச் சொல்லவில்லை. குதிகால் இரண்டும் தரையை விட்டு எழுந்தன.

கொண்டல்சாமி அந்தக் குதிகால்களைப் பார்த்தார். வெடிப்பு விழுந்து, சாம்பல் ஒட்டி, மெல்ல நடுங்கிக்கொண்டு நின்றன. எத்தனையோ ஊருக்கு அவர் கூடவே வந்த கால்கள் அவை. ஆனால் இப்படி எழும்பி நின்றதை அவர் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் அவர் படிக்கட்டில் நின்று வேறு யாருக்கோ ஏதோ புரியவைத்துக்கொண்டிருந்தார்.

“நகருங்க” என்று சொல்ல வாயெடுத்தார். ஊருக்காகக் கேட்டே பழகிய வாய் அது, வீட்டுக்காக ஒரு தடவையும் கேட்டதில்லை. உள்ளே புக வழியும் இல்லை. அவர் வெளியே ஓடினார்.

குழாயடியில் நின்றவர்கள் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சங்கத் தலைவர் தன் வீட்டுச் சுவரை ஒட்டி ஓடினார். உள்ளே இருந்தவர்களோ வேறு விதமாகப் பார்த்தார்கள். பாலத்துக்கு முந்தின சாலையில், பேருந்தோடு கூடவே ஒரு கிழவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அந்த நேரம் பார்த்துத் தாசையா விசில் அடித்திருந்தான். உட்கார்ந்தவர் எழுந்து, அடுத்த முறைக்காரி சேர்மக்கனி பாதி உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை வந்தது. சிவப்புத் துண்டு பெஞ்சின் மேல் விழுந்தது.

“இடம்! இடம்! ஆள் வருது!” என்று கொண்டல்சாமி வெளியே நின்று கத்தினார்.

தாசையா விசிலை வாயிலிருந்து எடுத்து, “அண்ணாச்சி, நீங்களா?” என்றான்.

சேர்மக்கனி உட்காரப் போன உடம்பை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற சாலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி, “துண்டு விழுந்துட்டுல்லா. வழி விடுங்க எல்லாரும். மதினி, வாங்க” என்றாள்.

“டீ ஆறிருமே, கனி.”

“ஆறட்டும். வாங்கங்கேன்.”

ஆவுடைத்தாய் வந்தாள். துண்டை எடுத்து உதறாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். சக்கரத்தின் சத்தம் வெறுமையாகி, வண்டி பாலத்தில் ஏறி, மெதுவாகி, நின்றது.

வெளியே தெருவில் நின்ற கொண்டல்சாமிக்கு ஆறும் இல்லை, பாலமும் இல்லை. கம்பிகளுக்குப் பின்னால் அவள் முகம் மட்டும் இருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்திருக்கிறார். ஒரு பேருந்து ஜன்னலில் பார்த்ததில்லை. முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு கண் விரிந்தது. பிறகு ஒரு கை தானாக எழுந்து கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“யம்மாடி!” என்றாள்.

“என்ன? என்ன தெரியுது?”

“யானை!”

“யானையா? ஒரு யானைக்கா அன்னைக்கு அம்புட்டுக் கூப்பாடு?”

“கோயில் யானை. நெத்திப் பட்டமெல்லாம் கட்டிருக்கு, திருவிழாவுக்குக் கிளம்புனது போலருக்கு. ஆத்துக்கு நடுவுல போயி நின்னுக்கிட்டு வர மாட்டேங்குது. பாகன் கரையில கும்பிடுதான். மேளக்காரவ, குடை பிடிக்கிறவ, பட்டு வேட்டி கட்டின பெரிய மனுசன் ஒருத்தரு, எல்லாரும் இடுப்பளவு தண்ணியில நிக்காவ. வாழைத்தாரைத் தூக்கிக் காட்டுதாவ. அது திரும்பிக்கூடப் பாக்கல. ஐயோ, ஐயோ! தண்ணிய உறிஞ்சி அந்தப் பட்டு வேட்டிக்காரரு மேலயே அடிச்சிட்டுங்க!”

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சைச் சுற்றி நின்ற லைன் சனம் மொத்தமும் சிரித்தது.

கொண்டல்சாமி திரும்பிப் பார்த்தார். குழாயடி இருந்தது. ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எத்தனையோ வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் ஒட்டியவர் அவர். பாதியில் காட்டிக்கொடுக்கப்பட்டவை, பேச்சுவார்த்தையில் விலைபோனவை, போலீஸ் வேனில் முடிந்தவை. ஒருவனும் கலைக்க முடியாத ஒரு வேலைநிறுத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது, அவர் நெல் வியாபாரிக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“கோரிக்கை என்னவாம்?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

“எனக்கு யானை பாஷை தெரியுமா? குளிக்கணும்போல இருந்திருக்கும், குளிக்குது.”

“வண்டி கிளம்பிருச்சா?”

“இல்ல, நிக்குது.”

“யானை?”

“அதுவும் நிக்குது. எறங்கி வார மாதிரி தெரியல.”

உள்ளே தாசையா விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆவுடைத்தாய் முழங்கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றி, மோவாயைக் கையில் வைத்துக்கொண்டாள். ஆற்றுக்காற்றில் அவள் முன்மயிர் பறந்தது. தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை.

“நீங்க ஏன் வெயில்ல நிக்கிய?” என்றாள், ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். “உள்ள போயி அந்த டீயைச் சூடு பண்ணி எல்லாருக்கும் ஊத்திக் குடுங்க. நான் இப்ப எந்திரிக்க முடியாது.”